விதைக்கிழங்கின் வயதை மூட்டையில் எழுது!

உருளைக்கிழங்கு விதை மூட்டையின் மேல் என்ன எழுதியிருக்கிறது? மண்டியின் பெயர் இருக்கிறது. எடை இருக்கிறது. சில சமயம் ரகத்தின் பெயரும் இருக்கிறது. ஆனால் கிழங்கு பூமியிலிருந்து எந்த நாளில் எடுக்கப்பட்டது, அதற்குப் பிறகு எங்கே கிடந்தது, எத்தனை நாள் குளிரில் இருந்தது, எத்தனை நாள் வெக்கையில் வெந்தது என்பதெல்லாம் எழுதியிருப்பதில்லை. எழுதாமல் விட்ட இந்த ஒரு விஷயத்தில்தான் ஏழைச் சாகுபடியாளரின் ஒரு போக உழைப்பும், அந்த நிலத்தில் இறங்கும் கூலிப் பெண்களின் வேலை நாட்களும் அடங்கியிருக்கின்றன என்று நாம் சொல்கிறோம்.

ஆலைத் தோழர்கள் "கிழங்கு விவகாரம் நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். புளோ ரூமில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், பஞ்சுப் பொதி அடையாளமில்லாமல் உள்ளே வருவதில்லை. எந்த பிரஸ்ஸில் கட்டிய பொதி, அதன் வரிசை எண் என்ன என்று ஒவ்வொரு பொதியிலும் முத்திரையிட வேண்டும் என்று 1925ஆம் ஆண்டிலேயே வெள்ளைக்கார சர்க்கார் சட்டம் போட்டது. ஏன் போட்டது? பஞ்சில் முதலாளியின் பணம் முடங்குகிறது. அவர் ஏமாறக் கூடாது. விதைக்கிழங்கில் முடங்குவதும் பணம்தான். ஒரு ஏக்கருக்கு 800 கிலோ முதல் 1000 கிலோ வரை விதை வேண்டும். நெல்லைப்போல் சில மரக்காலில் முடிகிற காரியமல்ல. உருளைக்கிழங்குச் சாகுபடிச் செலவில் விதை ஒன்று மட்டுமே பாதியை நெருங்குகிறது. அத்தனை பணத்தையும் கடனாக வாங்கிப் போடுகிறவர் சின்ன விவசாயி. ஆகவே முத்திரை தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள் போலும்!

கிழங்குக்கு வயது என்றால் என்ன? கிழங்கு உயிருள்ள பண்டம். மண்ணுக்குள் இருப்பதால் அதை வேர் என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் அது பருத்துப்போன தண்டு. அதன் மேல் இருக்கும் குழிகளைக் கண் என்கிறோமே, அவை மொட்டுகள். தோண்டியெடுத்த பிறகும் கிழங்கு மூச்சு விடுகிறது, தன்னுள் இருக்கும் மாவைக் கரைத்துக் கரைத்து உயிர் வாழ்கிறது, முதுமையும் அடைகிறது.

இதில் இரண்டு வயது உண்டு. ஒன்று காலண்டர் வயது, அதாவது தோண்டிய நாளிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்பது. மற்றொன்று உடல் வயது. அது கிழங்கு பட்ட சூட்டின் கணக்கு. மனிதர்களிடத்தும் இப்படித்தானே? புளோ ரூமிலும் கார்டிங்கிலும் பஞ்சுத் தூசியைத் தின்று நாற்பது வயதிலேயே அறுபதாய்த் தளர்ந்து நிற்பவர்களை நாம் அறிவோம். அதே நாற்பதில் மெருகு குலையாமல் காரில் வந்திறங்கும் சின்ன முதலாளிகளையும் அறிவோம். பிறந்த வருஷம் ஒன்று. பட்ட பாடு வேறு.

தோண்டியதும் கிழங்கு உறங்கும். ஈரம் கொடுத்தாலும் சூடு கொடுத்தாலும் முளைக்காது. இந்த உறக்கம் ரகத்துக்கு ரகம் மாறும். நம் நாட்டில் பயிராகும் ரகங்களில் ஏறக்குறைய இரண்டு மாதம், சிலவற்றில் அதற்கு மேலும் நீளும். உறக்கம் கலைந்தால் முதலில் நுனியில் இருக்கும் கண் விழிக்கும். அது விழித்ததும் மற்றக் கண்களை எழவொட்டாமல் அமுக்கி வைத்துக்கொள்ளும். இந்த நிலையில் நட்டால் ஒரு கிழங்குக்கு ஒன்றிரண்டு தண்டுகள்தான் வரும். இன்னும் சில வாரம் போனால் நுனிமுளையின் ஆதிக்கம் தளர்ந்து எல்லாக் கண்களும் முளைவிடும். முளை தடித்து, குட்டையாய், உறுதியாய் இருக்கும். கிழங்கின் வாலிபம் இதுதான். அதையும் தாண்டினால் முளைகள் கிளைக்கும், நீளும், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், கிழங்கு சுருங்கும். பிறகு நூல்போல மெலிந்த முளைதான் வரும். மூப்பு முற்றிய கிழங்கை நட்டால் சில சமயம் இலையே விடாது. மண்ணுக்குள்ளேயே முளையின் நுனியில் கோலிக்குண்டு அளவில் ஒரு குட்டிக்கிழங்கைக் கட்டிவிட்டு மடிந்துபோகும். வயலில் அந்த இடம் சொட்டையாக நிற்கும்.

இந்தப் பருவங்களைக் கடக்க எத்தனை நாளாகும் என்பதைச் சூடுதான் முக்கியமாகத் தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 4 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே கிழங்கின் கடிகாரம் நின்றுவிடுகிறது. அதற்கு மேலே ஒவ்வொரு டிகிரிக்கும் வேகமாக ஓடுகிறது. ஆகவே விஞ்ஞானிகள், உறக்கம் கலைந்த நாள் முதல், 4 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை நாளோடு பெருக்கிக் கணக்கு வைக்கிறார்கள். நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரே வயலில் ஒரே நாளில் தோண்டிய இரண்டு மூட்டைகள். இரண்டுக்கும் உறக்கம் கலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை 3 டிகிரி குளிரில் 60 நாள் வைக்கிறோம். அதன் கணக்கு பூஜ்யம். மற்றதைச் சமவெளியில் ஒரு மண்டியின் பின்கட்டில் 25 டிகிரியில் அதே 60 நாள் போட்டு வைக்கிறோம். 25இல் 4 போனால் 21. அதை 60ஆல் பெருக்கினால் 1260. காலண்டர்படி இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். உடலின்படி ஒன்று குமரி, மற்றது பாட்டி. விலையோ ஒன்று!

கிழடு கெட்டது, இளசு நல்லது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும் துண்டுப் பிரசுரங்கள் உண்டு. அந்தப் பேச்சை நாம் ஏற்கவில்லை. விஷயம் அவ்வளவு சுலபமல்ல. சுலபமாக்கிச் சொல்வதால்தான் விவசாயி ஏமாறுகிறார்.

இளம் விதை தாமதமாக எழும்பும். தண்டு குறைவு, ஆனால் செடி பெரிதாகும், இலை அடர்ந்து நெடுநாள் பச்சையாக நிற்கும், கிழங்கு பிடிப்பது பிந்தும், பிடித்தபின் நீண்ட நாள் பருக்கும். எண்ணிக்கை குறைந்தாலும் ஒவ்வொன்றும் பெரிய கிழங்காக வரும். வயதான விதை சீக்கிரம் எழும்பும். தண்டு நாலைந்து வரும், கிழங்கும் சீக்கிரம் பிடிக்கும். ஆனால் செடி குட்டையாகவே நின்று சீக்கிரமே மஞ்சளாகிச் சாயும். கிழங்கு எண்ணிக்கையில் அதிகம், உருவில் சிறிது. ஆகவே இரண்டு வயலையும் நட்டு எழுபத்தைந்து நாள் வாக்கில் தோண்டிப் பார்த்தால் வயதான விதை முந்தியிருக்கும். முழுக்காலமும் விட்டு, நூறு நாள் கடந்து தோண்டினால் இளம் விதை முந்திவிடும். நடுவில் எங்கோ ஓரிடத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. உனக்குக் கிடைக்கும் காலம் எத்தனை நாள் என்பதைப் பொறுத்ததுதான் எந்த விதை நல்லது என்பதும்.

ஆங்கிலக் கால்வாயில் ஜெர்ஸி என்றொரு சிறு தீவு இருக்கிறது. அங்கே விதைக்கிழங்கை மரப்பெட்டிகளில் கண் மேலே பார்க்க அடுக்கி, முளைவிட்டு வயதேறும்படி வேண்டுமென்றே செய்து, சரிவு நிலங்களில் கையால் நடுகிறார்கள். சந்தைக்கு முதலில் வரும் கிழங்குக்கு நல்ல விலை கிடைக்கிறது. மொத்த மகசூல் குறைந்தாலும் கட்டுப்படியாகிறது. அங்கே வயதான விதை லாபம். ஆனால் அதை அவர்கள் அறிந்து செய்கிறார்கள். விதையின் வயது அவர்கள் கையில் இருக்கிறது. நம் விவசாயியின் கையில் அது இல்லை.

நீலகிரி சொல்லும் பாடம்

நீலகிரியில் உருளைக்கிழங்கு 1820களில், கோவைக் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் காலத்தில் வந்தது. இன்று அங்கே மூன்று போகம். ஜனவரி, பிப்ரவரியில் நடுவது நீர்போகம். ஏப்ரல், மே மாதங்களில் நடுவது கார்போகம். ஆகஸ்ட், செப்டம்பரில் நடுவது கடைபோகம். பயிர் ஏறக்குறைய நாலு மாதம். இப்போது வாசகர்களே விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். டிசம்பரில் தோண்டிய கடைபோகக் கிழங்கைக் குடிசையின் குளிர்ந்த மூலையில் வைத்து ஏப்ரலில் நட்டால், உறக்கம் கலைந்து நல்ல முளையோடு மண்ணுக்குப் போகும். ஆகஸ்டில் தோண்டிய கார்போகக் கிழங்கை அதே ஆகஸ்டில் கடைபோகத்துக்கு நட்டால்? அது உறங்கிக்கொண்டிருக்கும். மழையில் சில அழுகும், சில எழும், சில ஒரு மாதம் கழித்து எழும். வயல் பூராவும் படிக்கட்டு மாதிரி செடிகள் நிற்கும். அதே கிழங்கை ஐந்து மாதம் வைத்திருந்து ஜனவரியில் நட்டால் சரியாயிருக்கும்.

உறக்கத்தைக் கலைக்க மருந்துகள் இருக்கின்றன. தயோயூரியாக் கரைசலில் நனைப்பதும், கார்பன் டை சல்பைடு ஆவியில் மூடி வைப்பதும் சிபாரிசு செய்யப்படும் முறைகள். இந்த இரண்டாவது சரக்கு நரம்புகளைத் தாக்கும் விஷம். பொறி பட்டால் குபீரென்று பிடித்துக்கொள்ளும். அதைக் கையாளப் போகிறவர் யார்? விதை விற்றவர் அல்ல, கூலிக்கு வந்த தொழிலாளிதான். விதையின் வயதைப் பார்த்து வாங்க முடிந்தால் இந்த ஆபத்தில் பாதி தேவையில்லை.

கார்போகத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. ஜூன், ஜூலையில் மழையும் மூடுபனியும் சேர்ந்தால் இலைக்கருகல் நோய் வரும். அது வருவதற்குள் கிழங்கு ஓரளவு பருத்துவிட வேண்டும். அந்தப் போகத்துக்கு, நன்றாக முளை வந்த விதை கவசம்போல் உதவும். உறக்கம் கலையாத விதை நோயின் வாயில் போய் விழும். 1968இல் வெளிவந்த குஃப்ரி ஜோதி ரகமும், 1985இல் வெளிவந்த குஃப்ரி ஸ்வர்ணாவும் நோயைத் தாங்கட்டும் என்றே உருவாக்கப்பட்டவை. 1957இல் அமைக்கப்பட்ட முத்தோரை ஆராய்ச்சி நிலையம் இந்த மலையின் பிரச்சினைகளில் பாடுபட்டிருக்கிறது. அந்தப் பாடு வீணாகாமலிருக்க வேண்டுமானால், நல்ல ரகம் சரியான வயதில் விவசாயியின் கைக்கு வந்து சேர வேண்டும். ரகம் நல்லது, வயது தப்பு என்றால் பலன் தப்புதான்.

மலை விதையும் சமவெளியும்

இது நீலகிரியின் பிரச்சினை மட்டுமல்ல. இந்தியாவின் உருளைக்கிழங்கு விவசாயமே ஒரு காலத்தில் இந்த வயதுக் கணக்கில் மாட்டிக்கொண்டு தவித்தது. நம் நாட்டில் உருளைக்கிழங்கு பெரும்பாலும் வட இந்தியச் சமவெளியில் குளிர்காலத்தில் பயிராகிறது. அக்டோபர் வாக்கில் நடவு. அசுவினிப் பூச்சி பரப்பும் நச்சுயிரி நோய்கள் விதையை வருஷத்துக்கு வருஷம் கெடுத்துவந்தன. நோயில்லாத விதை உயர்ந்த மலைகளில்தான் கிடைக்கும் என்று நம்பினார்கள். ஆனால் சிம்லா மலைகளில் கிழங்கு தோண்டுவது செப்டம்பர், அக்டோபரில். சமவெளியில் நடுவதும் அக்டோபரில். மலையிலிருந்து வரும் விதை நோயற்றது, ஆனால் ஆழ்ந்த உறக்கத்தில் இருப்பது! ஆரோக்கியமான விதை வயதில் பொருந்தவில்லை. வயதில் பொருந்திய விதை, வீட்டு மூலையில் கோடையெல்லாம் வெந்து, நோயும் மூப்பும் பிடித்துக் கிடந்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தார். 1949இல் பாட்னாவில் தொடங்கி 1956இல் சிம்லாவுக்கு மாறிய ஸ்தாபனம் அது. புஷ்கர்நாத் என்ற விஞ்ஞானி முன்னின்று வகுத்த முறை, பேச்சில் எளியது. சமவெளியிலேயே அக்டோபரில் விதைப் பயிரை நடு. அசுவினி பெருகுவதற்கு முன், டிசம்பர் கடைசியிலோ ஜனவரித் தொடக்கத்திலோ தழையை வெட்டிவிடு. தோல் முற்றியதும் கிழங்கைத் தோண்டி, வெயில் ஏறுமுன் குளிர்பதனக் கிடங்கில் ஏற்று. அக்டோபரில் இறக்கு. நோயும் குறைவு, வயதும் சரி. இன்று பஞ்சாபின் ஜலந்தர் வட்டாரம் வங்காளத்துக்கும் கர்நாடகத்துக்கும் விதை அனுப்பும் கேந்திரமாக விளங்குகிறதென்றால் அதன் வேர் இங்கே இருக்கிறது. இது நம் நாட்டு விஞ்ஞானத்தின் அருமையான சாதனை. ஆனால் இந்த முறையின் உயிர் எதில் இருக்கிறது? தழை வெட்டிய தேதியில், கிடங்கில் ஏற்றிய தேதியில், இறக்கிய தேதியில் இருக்கிறது. முறை முழுவதும் தேதியாலேயே ஆனது. அந்தத் தேதிகள்தான் மூட்டையில் இல்லை!

நோய் வேறு, மூப்பு வேறு. இரண்டும் ஒரே வயலில் மகசூலைக் குறைப்பதால் ஒன்றை மற்றொன்றாக நினைப்பது எளிது. சோவியத் நாட்டிலும் இது நடந்தது. 1930களில் ஒடெஸ்ஸா வட்டாரத்தில் லைசென்கோ கோடையில் நடும் முறையைப் பரப்பினார். தெற்கே கிழங்கு கெட்டுப்போவதற்குக் காரணம் சூட்டில் மொட்டுகள் மூப்படைவதே, நச்சுயிரி அல்ல என்றார். சூடு கிழங்கை மூப்பாக்கும் என்பதில் பாதி உண்மை உண்டு. நச்சுயிரி இல்லை என்றதுதான் பெரிய தவறு; அதை எடுத்துச் சொன்ன விஞ்ஞானிகளுக்கு அந்நாட்டில் பேச இடமில்லாமல் போனதும் வாஸ்தவம். நம் விவசாயிக்கு இதிலிருந்து தெரிய வேண்டியது ஒன்றுண்டு. நோய் பிடித்த விதையை எவ்வளவு பக்குவமான வயதில் நட்டாலும் தேறாது. நோயற்ற விதையும் வயது தப்பினால் தேறாது. இரண்டையும் தனித்தனியே கேட்டு வாங்க வேண்டும்.

லாரியில் ஏறும் வயது

இனி நமது தெற்கத்தி விவகாரத்துக்கு வருவோம். நீலகிரியில் 1961இல் கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மண்ணோடு புழு பரவாதிருக்க, அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போவதற்குத் தடை வந்தது. தடை நியாயமானது. ஆனால் அதன் விளைவாகத் தெற்கேயுள்ள சமவெளி, மேட்டு நில விவசாயிகள் வடக்கத்தி விதையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. கர்நாடகத்தின் ஹாசன் வட்டாரத்தில் மே, ஜூனில் நடும் பயிருக்கு ஜலந்தரிலிருந்து விதை வருகிறது. 2000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். ஏப்ரல், மே மாத வெயில். தார்ப்பாய் மூடிய லாரி. குளிர்கிடங்கில் நின்றிருந்த கடிகாரம் லாரியில் ஏறியதும் ஓடத் தொடங்குகிறது, அதுவும் இருமடங்கு வேகத்தில். லாரியிலிருந்து இறங்கியும் மண்டியில் விலைக்காகக் காத்துக் கிடந்தால் கேட்க வேண்டியதில்லை. அடுக்கின் நடுவில் உள்ள மூட்டை காற்றில்லாமல் வெந்து உள்ளே கறுத்துவிடுவதும் உண்டு.

கிடங்கிலும் எல்லாம் ஒழுங்காக நடப்பதாக நினைக்கக் கூடாது. விதைக்கு வேண்டியது 2 முதல் 4 டிகிரி. மின்சாரம் நின்று ஜெனரேட்டருக்கு டீசல் போடாமல் மிச்சம் பிடித்தால், அந்த மிச்சம் கிடங்குக்காரரின் பெட்டியிலும், அந்தச் சூடு கிழங்கின் உடம்பிலும் சேருகிறது. இன்னொரு மோசடியும் இருக்கிறது. சிப்ஸ் தொழிலுக்கான கிழங்கை இனிப்பேறாதிருக்க 10, 12 டிகிரியில் வைத்து, முளை எழும்பாதிருக்க மருந்து அடிக்கிறார்கள். தின்பதற்கென்று வைத்த அந்தச் சரக்கு விலை சரியும்போது விதை மூட்டைக்குள் நுழைந்துவிட்டால், அதை நட்டவர் கதி என்ன? முளைக்கக் கூடாதென்று மருந்து போட்ட கிழங்கு எப்படி முளைக்கும்?

"விவசாயிக்குக் கண் இல்லையா? முளையைப் பார்த்து வாங்கட்டுமே!" என்று வியாபாரிகள் சொல்லுவார்கள். நல்ல வாதம்தான். ஆனால் முளையைக் கிள்ளி எறிந்துவிட்டு மூட்டை கட்டினால் எதைப் பார்ப்பது? ஒரு முறை கிள்ளினால் கிழங்கு மறுபடி முளைக்கும். பக்கக் கண்களும் எழும். அதில் பெரிய கெடுதலில்லை. இரண்டு முறை, மூன்று முறை கிள்ளிய கிழங்கு பலமிழந்துவிடும். கிள்ளிய பிறகு பார்த்தால் இளசுபோலவே தோன்றும். கண்ணில் காய்ந்த தழும்பு இருக்கிறதா, தோல் சுருங்கியிருக்கிறதா, அமுக்கினால் மெத்தென்கிறதா என்று பார்த்தால் கொஞ்சம் தெரியும். ஆனால் மூட்டையைப் பிரித்துக் கொட்டிப் பார்க்க எந்த மண்டிக்காரர் விடுகிறார்? அதிலும் முன்பணம் வாங்கி, விதையையும் உரத்தையும் கடனாக எடுத்து, விளைந்ததை அதே மண்டியில் போட வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர், கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவதைத் தவிர வேறென்ன செய்வார்? மேட்டுப்பாளையம் பக்கம் இந்தக் கட்டு எவ்வளவு பழையது என்பதை மலை விவசாயிகளுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. அதிலிருந்து மீள்வதற்கென்றே 1935இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் பிறந்தது.

பயிர் தப்பினால் என்ன பேச்சு எழுகிறது? மண் சரியில்லை என்பார்கள், மழை சரியில்லை என்பார்கள், மருந்தைச் சரியாக அடிக்கவில்லை என்பார்கள். கடைசியில் கூலிக்காரப் பெண்கள் மண்ணைச் சரியாக அணைக்கவில்லை என்று அவர்கள் தலையில் வந்து விடியும். விதையின் வயதைப் பற்றி ஒரு வார்த்தை வராது. ஆனால் விதை வயதின் சுமையை முதலில் சுமக்கிறவர்கள் இந்தப் பெண்கள்தான். பலவயசு விதை ஒரே மூட்டையில் கலந்து வந்தால் வயல் ஒரே சீராக எழும்பாது. ஒரு தடவையில் முடிய வேண்டிய களையும் மண் அணைப்பும் இரண்டு தடவையாகும். அதற்குத் தனிக் கூலி கேட்டால் சண்டை. மூப்பான விதையின் பயிரில் கிழங்கு பொடிப்பொடியாக இருக்கும். மூட்டைக் கணக்கில் கூலி பேசியிருந்தால், பெரிய கிழங்கு பொறுக்கி நிறைக்கும் மூட்டைக்கும், கோலி கோலியாகப் பொறுக்கி நிறைக்கும் மூட்டைக்கும் கூலி ஒன்று, குனிந்த நேரம் வேறு. விளைச்சல் குறைந்தால் அறுவடை நாட்களே குறையும். பட்டணத்தில் ஆலைத் தொழிலாளி வீட்டில் கிழங்கின் விலையும் அப்போது ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் விவசாயிக்குப் பங்கில்லை, பொறுக்கியவளுக்கும் பங்கில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1966இல் விதைச் சட்டம் வந்தது. சான்று பெற்ற விதைக்கிழங்குக்கு வயலைப் பார்க்கிறார்கள், கலப்பு ரகம் உண்டா என்று பார்க்கிறார்கள், நோயைப் பார்க்கிறார்கள், கிழங்கின் அளவைப் பார்க்கிறார்கள். நல்லது. ஆனால் சான்று பெறுவது விற்பவரின் இஷ்டம். நாட்டில் நடப்படும் விதையில் பெரும்பகுதிக்குச் சான்றே கிடையாது. சான்று பெற்றதிலும் கிழங்கு பட்ட சூட்டுக்குக் கணக்கு இல்லை.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமல்ல. விதை என்று சொல்லி விற்கும் ஒவ்வொரு மூட்டையிலும், சான்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாலு விவரம் இருக்க வேண்டும்: தோண்டிய தேதி, கிடங்கில் ஏற்றிய தேதி, இறக்கிய தேதி, எத்தனை முறை முளை கிள்ளப்பட்டது என்பது. கிடங்குகள் உஷ்ணத்தை நாள்தோறும் பதிவுசெய்து, விதை வாங்குகிறவர் கேட்டால் காட்ட வேண்டும். பொய்த் தேதி எழுதினால் விதைக்கும் பயிருக்கும் நஷ்ட ஈடு தரவேண்டும். "இதனால் விலை ஏறும்" என்று சொல்லக் கிளம்புவார்கள். ஒரு மூட்டை விதைக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்களுக்கு ஓர் அட்டையும் ஒரு துளி மையும் கட்டுபடியாகவில்லையாம்!

சர்க்கார் செய்ய வேண்டியதும் இருக்கிறது. நூற்றுக்கணக்கான டன் பிடிக்கும் குளிர்பதனக் கிடங்கு எல்லா ஊரிலும் கட்ட முடியாது. அதற்கு மாற்று உண்டு. கிழங்கை இருட்டில் குவிக்காமல், நேர் வெயில் படாத, வெளிச்சமும் காற்றும் நுழைகிற கொட்டகையில், மூங்கில் தட்டுகளில் ஒன்றிரண்டு அடுக்காகப் பரப்பினால், வெளிச்சம் பட்ட முளை நீளாமல் பச்சையாய்க் குட்டையாய் நிற்கும், மூப்பும் மெதுவாகும். பெரு நாட்டின் லிமாவில் 1971இல் தொடங்கிய சர்வதேச உருளைக்கிழங்கு மையம் இதைப் பல நாடுகளில் பரப்பியது. அந்த விஞ்ஞானிகள் இதைத் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. ஏழை நாட்டு விவசாயிகள் வீட்டோரத்தில் செய்துவந்ததைப் பார்த்துச் சீர்படுத்தினார்கள். பச்சையான கிழங்கைச் சமைக்கக் கூடாது, அது விஷம். விதைக்கு ஒரு குறையுமில்லை. கூட்டுறவுச் சங்கங்கள் கிராமத்துக்கு ஒரு கொட்டகை போட்டால், தன் விதையைத் தானே வைத்துக்கொள்ளும் விவசாயி மண்டியின் வாசலில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அந்தக் கொட்டகையில் கிழங்கைப் பரப்பவும், புரட்டவும், அழுகலைப் பொறுக்கவும் பெண்களுக்கு வேலையும் கிடைக்கும். நூற்புழு பாதித்த மண்ணின் விதை அந்த எல்லைக்குள்ளேயே புழங்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்கு இது விரோதமுமல்ல.

இவை வரும்வரை விதை வாங்கப் போகும் தோழர்கள் ஒன்று செய்யலாம். தனியாகப் போகாமல் நாலு பேராகச் சேர்ந்து போங்கள். ஒரே லாரி விதையில் நாலைந்து மூட்டைகளிலிருந்து பத்துப் பத்துக் கிழங்கு எடுத்து, வெளிச்சம் குறைந்த, வெதுவெதுப்பான இடத்தில் பரப்பி வையுங்கள். பத்துப் பதினைந்து நாளில் தெரிந்துவிடும். ஒன்றுமே எழும்பவில்லையென்றால் இன்னும் உறக்கம், அல்லது மருந்து போட்ட சரக்கு. நுனியில் மட்டும் முளைத்தால் இளசு. நீண்ட பயிருக்கு வைத்துக்கொள்ளலாம். பல கண்ணிலும் தடித்த முளை வந்தால் உடனே நடலாம். நூல்போல் வந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். குளிர்கிடங்கிலிருந்து நேரே வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள். பத்து நாளாவது நிழலில் பரப்பி வெளிக்காற்றுக்குப் பழக்கிவிட்டு நடுங்கள். மூப்பான கிழங்கை வெட்டி நடவே வேண்டாம், வெட்டுவாய் ஆறாமல் அழுகிவிடும். சோதித்த தேதியையும் மூட்டை வந்த தேதியையும் ஒரு நோட்டில் எழுதி, நாலு பேரும் கையெழுத்துப் போட்டு, ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். ரசீது தர மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள்.